மணிக்குப் பத்து நொடி

போன வாரம் ஆபீஸிலிருந்து ஷைனி போன் பண்ணினாள். நான் ஓய்வுபெற்ற வருஷம்தான் அவள் சர்வே பிரிவில் வேலைக்குச் சேர்ந்தாள். பழைய கணக்குத்தாள்களை எல்லாம் ஸ்கேன் பண்ணி ஏற்றச் சொல்லியிருக்கிறார்களாம். ஒரு தாளை மட்டும் என்ன செய்வதென்று தெரியாமல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள்.

"மேடம், இதுல 'நட்ச. நேரம்'னு ஒரு கட்டம் இருக்கு. அத செவப்பு மையில வெட்டிட்டு, பக்கத்துல 'சாதாரண வாட்ச், மணிக்குப் பத்து'ன்னு எழுதியிருக்கு. அடியில நாலு கையெழுத்து. ஒண்ணு உங்க கையெழுத்து மாதிரி இருக்கு."

"மாதிரி இல்ல, என்னோடதுதான்."

"இப்பம் நாங்க சேட்டிலைட் கருவிய வச்சிட்டு டீ குடிச்சிட்டு வந்தா கணக்கு ரெடியா இருக்கு மேடம். உங்க வேலையெல்லாம் இல்லாம போச்சேன்னு உங்களுக்கு வருத்தமா இருக்காதா?"

வருத்தமா? முப்பத்திரண்டு வருஷம் ஏழு இலக்க மடக்கை அட்டவணையில் கண்ணைக் கெடுத்துக்கொண்டவளிடம் கேட்கிற கேள்வியா இது? அந்தக் கருவி வந்த அன்று நான் ஆபீஸ் முழுக்க லட்டு வாங்கிக் கொடுத்தேன். சனியன் விட்டது என்றுதான் இருந்தது. ஆனால் அந்தத் தாளைப் பற்றிக் கேட்டாள் என்றால் சொல்லத்தான் வேண்டும். போனில் சொல்லி முடியாது என்பதால் எழுதுகிறேன்.

எனக்கு ஊர் சுசீந்திரம். நாகர்கோவிலில் கணிதம் படித்துவிட்டு, பரீட்சை எழுதி, சர்வே பிரிவில் கணக்கிடும் வேலைக்குச் சேர்ந்தேன். வேலை என்னவென்றால், வெளியே போகிற சர்வேயர்கள் கோணம் அளக்கும் தியோடலைட் கருவியில் நட்சத்திரத்தைப் பார்த்துக் குறித்துக்கொண்டு வருவதை வைத்து, நிலத்தில் ஒரு கோட்டின் உண்மையான திசை என்ன என்று கண்டுபிடித்துக் கொடுப்பது. பழைய எல்லைப் பத்திரங்களில் 'இந்தக் கல்லிலிருந்து வடக்குக்கு இத்தனை பாகை கிழக்கே நேராக' என்றுதான் இருக்கும். அந்த வடக்கைச் சரியாகச் சொல்ல நட்சத்திரம் வேண்டும். நட்சத்திரம் எந்த நொடியில் எங்கே நிற்கும் என்று சொல்ல நட்சத்திர நேரம் வேண்டும். மற்றபடி நான் வானத்தை அண்ணாந்து பார்த்தவள் இல்லை. காலை பத்து மணிக்கு மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்து சித்திரையையும் மகத்தையும் கூட்டிக் கழித்துவிட்டு, சாயங்காலம் ஐந்தே முக்கால் பஸ்ஸைப் பிடித்து வீட்டுக்குப் போனவள்.

முதல் ஆறு மாதப் பயிற்சியில் எனக்கு நினைவில் நிற்பது திட்டு மட்டும்தான். திட்டியவர் சிவதாணு சார், எங்கள் பிரிவின் தலைமைக் கணக்கர். வேட்டி கட்டி வரமாட்டார், பேண்ட்தான். ஆனால் பேண்ட்டுக்கு மேலே பெல்ட்டுக்குப் பதிலாக ஒரு கயிறு. கேட்டால், "இடுப்புல நிக்குதுல்லா, பெறவு என்ன?" என்பார். கணக்கில் மட்டும் அப்படி எதையும் நிற்க விடமாட்டார்.

அவருடைய ஆபீஸில் 'மினிட்' என்ற சொல்லுக்கு அனுமதி கிடையாது. நேரத்திலும் மினிட் உண்டு, கோணத்திலும் மினிட் உண்டு. இரண்டும் ஒன்றல்ல. வானம் ஒரு மணியில் பதினைந்து பாகை சுற்றுகிறது. ஆகவே நேரத்தில் ஒரு மினிட் கோணத்தில் பதினைந்து மினிட். இதைக் குழப்பிக்கொள்ளாத புதியவர் யாரும் கிடையாது. அதனால் நேரம் என்றால் மணி, நிமிடம், நொடி. கோணம் என்றால் பாகை, கலை, விகலை. வாய் தவறி 'மினிட்' என்று சொன்னால், "எந்த மினிட்டு? டீக்கடை மினிட்டா?" என்று எல்லோர் முன்னாலும் கேட்பார்.

அடுத்த பாடம் நம் கடிகாரமும் நட்சத்திரக் கடிகாரமும் ஒன்றாக ஓடாது என்பது. எனக்கு அது புரியவே இல்லை. சார் என்னை ஜன்னலுக்குக் கூட்டிக்கொண்டு போய் வடசேரி பஸ் ஸ்டாண்ட் பக்கமாகக் கை நீட்டினார்.

"பிள்ளே, நட்சத்திரம்னா நின்ன எடத்துல நிக்கிற ஆளு. சூரியன்னா மெல்ல நகந்து போற பஸ்ஸு. பூமி ஒரு சுத்து சுத்தி வந்தா ஆளைத் தொட்டிரும். பஸ்ஸைத் தொடணும்னா இன்னும் நாலு எட்டு ஓடணும். அந்த நாலு எட்டுதான் நாலு நிமிடம். நம்ம கடிகாரம் பஸ்ஸைப் பாத்து ஓடுது. நட்சத்திரக் கடிகாரம் ஆளைப் பாத்து ஓடுது. நாளுக்கு நாலு நிமிடம், மணிக்குப் பத்து நொடி. இத மறந்தா நாளைக்கு வராண்டாம்."

மணிக்குப் பத்து நொடி. சரியாகச் சொன்னால் ஒன்பதே முக்காலுக்குச் சற்று மேல். நட்சத்திர நேரம் அவ்வளவு வேகமாக முன்னால் ஓடும். ஆறு மணி நேர இடைவெளி என்றால் ஏறக்குறைய ஒரு நிமிடம், அதாவது கோணத்தில் பதினைந்து கலை.

சார் வைத்திருந்த இன்னொரு முறை இரட்டைக் கணக்கு. ஒவ்வொரு தாளையும் இரண்டு பேர் தனித்தனியாகப் போட வேண்டும். எனக்கு ஜோடி ஸ்டெல்லா. குளச்சல்காரி, அப்பா மீன் ஏலம் எடுப்பவர். ஏலக் கூச்சலில் வளர்ந்ததாலோ என்னவோ, மனக்கணக்கில் என்னைப் போல இரண்டு மடங்கு வேகம். எங்கள் இருவருடைய நாற்காலிகளும் முதுகோடு முதுகு ஒட்டிப் போடப்பட்டிருக்கும். ஒருவர் தாளை மற்றவர் பார்க்கக் கூடாது, பேசவும் கூடாது. முடித்ததும் விடையை மட்டும் ஒரு துண்டுச் சீட்டில் எழுதிச் சாரிடம் கொடுக்க வேண்டும். அவர் இரண்டு சீட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார். ஒத்துப்போனால் சீட்டுகளைக் கிழித்துப் போட்டுவிட்டு, "ம்" என்பார். அந்த 'ம்' எங்களுக்கு இன்கிரிமெண்ட் மாதிரி.

இனி அந்தத் தாள்.

மேற்கே, குலசேகரம் பக்கத்து மலையடிவாரத்தில், அரசுக் காட்டுக்கும் பட்டா நிலங்களுக்கும் இடையே ஓர் எல்லைக்கோடு. குன்றின் மேல் இருக்கும் பழைய கல் ஒன்றிலிருந்து நாலு கிலோமீட்டர் நேராகப் போகும். இடையில் இருந்த கற்கள் பலவும் காணாமல் போயிருந்தன. அளந்து புதிதாக நட உத்தரவு. எங்கள் சர்வேயர் செல்லப்பன் மாசி மாதம் முகாம் போட்டு நட்சத்திரம் பார்த்து வந்தார். ஸ்டெல்லாவும் நானும் கணக்குப் போட்டோம். இருவர் விடையும் விகலை சுத்தமாக ஒத்துப்போனது. சார் "ம்" என்றார். வரைபடத்தில் கோடு போட்டாயிற்று. கோட்டில் இடிபடும் கட்டிடங்களுக்கு நோட்டீஸும் போயாயிற்று.

ஒரு செவ்வாய்க்கிழமை தங்கையன் என்று ஒருவர் வந்தார். ஐம்பது வயதிருக்கும். ரப்பர் பால் வெட்டுகிறவர். கையில் அந்த நோட்டீஸ். யாரைப் பார்ப்பதென்று தெரியாமல், வாசலுக்கு நேரே இருந்த என் மேஜைக்கு வந்துவிட்டார்.

"மோளே, எனக்க அடுக்களையும் கிணறும் காட்டுக்குள்ள பெயிரும்னு எழுதியிருக்காவளாம். வாசிச்சுக் காட்டுனவன் பொய் சொல்லுகானா, நேரான்னு ஒண்ணு பாத்துச் சொல்லணும்."

வாசித்தேன். நேர்தான். ஒரு மாதத்துக்குள் அகற்ற வேண்டும் என்றிருந்தது.

"ரெண்டு முறியும் ஒரு அடுக்களையும்தான் வீடு. அடுக்களை போனா சுவரு நிக்காது. அந்த மேட்டுல கிணறு வெட்டி வெள்ளம் கண்டது நாங்க மட்டுந்தான் மோளே. எங்க அப்பன் காலத்துல கல்லு பிலா மரத்துக்கும் அங்கிட்டுதான் நின்னுது. இப்பம் அது எப்பிடி நடந்து அடுக்களைக்குள்ள வந்துது?"

சத்தம் கேட்டுச் சிவதாணு சார் எழுந்து வந்தார். பொறுமையாகத்தான் சொன்னார். "கல்லு நடக்காது அண்ணாச்சி. ஆனா அத யாராவது நடத்தியிருக்கலாம். நாங்க ரெண்டு தடவை கணக்குப் பாத்தாச்சு. இனி மேல எழுதிப் போட்டாலும் கணக்கு மாறாது."

தங்கையன் வாதாடவில்லை. நோட்டீஸை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். வாசல் வரை போனவர் திரும்பி வந்து என்னிடம், "வாசிச்சுத் தந்தது பெரிய உபகாரம் மோளே" என்று சொல்லிவிட்டுப் போனார். அதுதான் என்னைப் படுத்தி எடுத்துவிட்டது. திட்டியிருந்தால் மறந்திருப்பேன்.

மத்தியானம் ஸ்டெல்லா தூக்குவாளியைத் திறந்துகொண்டே கேட்டாள். "ஏட்டி, சோறு தின்ன வாறியா, இல்ல அந்தக் காயிதத்தையே தின்னப் போறியா?"

"நீ தின்னு. நான் அந்த ஃபீல்டு புக்கை ஒருதடவ பாத்துட்டு வாறேன்."

"ரெண்டு பேருக்கும் ஒரே விடை வந்துதுல்லா? பெறவு என்னத்தப் பாக்கப் போற?"

என்னத்தைப் பார்க்கப் போகிறேன் என்று எனக்கே தெரியாது. செல்லப்பன் முகாமில் குறித்துக்கொண்டு வந்த அந்தப் புத்தகத்தைப் புரட்டினேன். ஒரே இரவில் அவர் மூன்று தடவை நட்சத்திரம் பார்த்திருந்தார். நம் நேரப்படி எட்டு மணிக்கு மகம், ஒன்பதரைக்கு மறுபடியும் மகம், பதினோரு மணிக்குச் சித்திரை. முதல் இரண்டையும் பென்சிலால் அடித்து, 'மஞ்சு இறங்கி எதிர்க்குன்றில் குறிவிளக்கு தெரியவில்லை, ரத்து' என்று எழுதியிருந்தார். நட்சத்திரத்துக்கும் அந்த விளக்குக்கும் இடையே உள்ள கோணம் தெரியாவிட்டால் திசை எடுக்க முடியாது. அதனால் நாங்கள் மூன்றாவதை மட்டும் எடுத்துக்கொண்டு கணக்குப் போட்டிருந்தோம். முறைப்படி அது சரிதான்.

ஆனால் அடித்த வரிகளிலும் நட்சத்திரத்தின் உயரம் குறிக்கப்பட்டிருந்தது. பார்த்தது எந்த நட்சத்திரம் என்று அடையாளம் தெரிவதற்காக எழுதுகிற எண் அது. யாரும் அதை வைத்துக் கணக்குப் போடுவதில்லை. நான் போட்டேன். நட்சத்திரத்தின் உயரம் தெரிந்தால் அப்போது உண்மையில் நேரம் என்ன என்று கண்டுபிடித்துவிடலாம். அதைக் கடிகாரம் காட்டிய நேரத்தோடு ஒப்பிட்டேன்.

எட்டு மணிக்குக் கடிகாரம் முப்பது நொடி பிந்தியிருந்தது. கை தவறியிருக்கும் என்று நினைத்தேன். ஒன்பதரைக்கு நாற்பத்து நாலு. பதினோரு மணிக்கு ஐம்பத்தொன்பது.

நான் எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து மறுபடியும் பார்த்தேன். செல்லப்பன் சாயங்காலம் ஐந்து மணிக்கு ரேடியோவில் மணி சொல்லும் பீப் கேட்டு, நாங்கள் எழுதிக் கொடுத்த நட்சத்திர நேரத்துக்குக் கடிகாரத்தைத் திருப்பி வைத்ததாகப் புத்தகத்தில் இருந்தது. ஐந்திலிருந்து எட்டுக்கு மூன்று மணி நேரம், முப்பது நொடி. ஐந்திலிருந்து பதினொன்றுக்கு ஆறு மணி நேரம், ஒரு நொடி குறைய ஒரு நிமிடம். மணிக்குப் பத்து நொடி!

அது நட்சத்திரக் கடிகாரமே இல்லை. நம் கையில் கட்டுகிற சாதாரண வாட்ச். ஐந்து மணிக்கு நட்சத்திர நேரத்துக்குத் திருப்பி வைக்கப்பட்டு, அதற்குப் பிறகு பஸ்ஸைப் பார்த்தே ஓடியிருக்கிறது. அச்சடித்த தாளில் 'நட்ச. நேரம்' என்று கட்டம் போட்டிருந்ததால் நானும் ஸ்டெல்லாவும் நம்பிவிட்டோம். முதுகோடு முதுகு வைத்து உட்கார்ந்து, ஒருவரை ஒருவர் பார்க்காமல், இருவரும் ஒரே தப்பை விகலை சுத்தமாகச் செய்திருக்கிறோம்.

சாரிடம் போய்ச் சொல்ல எனக்குக் கால் வரவில்லை. அவருடைய 'ம்' மேல் கை வைக்கிற காரியம். சொன்னேன். மூன்று எண்களையும் பார்த்தார். கோபம் வருமென்று காத்திருந்தேன். அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "செல்லப்பனை வரச் சொல்லு" என்றார்.

செல்லப்பன் மறுநாள் வந்தார்.

"ஓய், மாசி முகாமுக்கு எந்தக் கடிகாரத்தக் கொண்டு போனீரு?"

"நம்ம பெரிய நட்சத்திரக் கடிகாரம் ரெண்டாவது நாளே ஸ்பிரிங்கு அத்துப் போச்சு சார். நம்ம கை வாட்சத்தான் திருப்பி வச்சேன். நல்ல வாட்சு சார், மச்சினன் துபாய்லருந்து கொண்டு வந்தது. மறுநாள் காலைல பீப் வச்சும் பாத்தேன். ஒரு நொடி தப்பல."

"தப்பியிருந்தா நல்லாருந்திருக்கும் வே" என்றார் சார். செல்லப்பனுக்கு அவர் சொன்னது புரிய ஒரு நிமிடம் ஆனது. புரிந்ததும் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். பாவம், நல்ல மனிதர். ஓடாத கடிகாரத்துக்குப் பயந்தே பழகியவருக்கு, ஒழுங்காக ஓடுகிற கடிகாரம் காலை வாரிவிடும் என்று எப்படித் தோன்றும்?

ஒரு நிமிட நேரத் தப்பு, அதாவது வானத்தில் பதினைந்து கலை, திசையில் மூன்றரைக் கலையாக இறங்கும் என்று சார் ஒரு துண்டுத் தாளில் போட்டுப் பார்த்தார். நாலு கிலோமீட்டர் போனால் அது நாலு மீட்டர். ஆனால் இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா? அதை அவர் போடவில்லை. போட்டிருந்தால் எனக்குத் தெரிந்திருக்கும். வரைபடத்தைச் சுருட்டி அலமாரியில் வைத்துப் பூட்டி, சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"கோடு எந்தப் பக்கம் போகும்னு ரெண்டு பேரும் பாக்கப்பிடாது. புதுசா கணக்குப் போடணும். விடை ஒத்துப்போனா கையெழுத்துப் போடணும். பெறவுதான் படம்."

"சார், மறுபக்கம் போச்சுன்னா?" என்றேன். "நாலு மீட்டரு இன்னும் உள்ள வந்துதுன்னா அந்த மனுசனுக்கு வீடே முழுசா..."

"வந்துதுன்னா வந்துதுதான். அதுக்குத்தான பூட்டி வச்சிருக்கேன்."

அந்த இரண்டு நாள் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். வீடு கோட்டுக்கு வலதா இடதா என்று எனக்கு நினைவில்லை. நினைவுபடுத்திக்கொள்ளக் கூடாது என்று மாடு ஈயை விரட்டுவது போலத் தலையை உதறிக்கொண்டேன். நான் பாட்டுக்கு வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் அந்த மனிதருக்கு ரெண்டு முறிகளாவது மிஞ்சியிருக்கும். நான் தோண்டியதால் அதுவும் போய்விட்டால் என்ன செய்வேன்? ஸ்டெல்லா புனித சவேரியாருக்கு மெழுகுதிரி நேர்ந்துகொண்டாள். நான் அம்மனுக்குப் பாயசம். கூட்டல் கழித்தலில் மட்டும் யாரும் தலையிட வேண்டாம் என்று இருவரும் சேர்த்தே வேண்டிக்கொண்டோம்.

வெள்ளிக்கிழமை பதினொன்றரைக்குச் சீட்டுகளைக் கொடுத்தோம். சார் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். ஒத்துப்போனது. கிழித்துப் போடவில்லை, "ம்" என்றும் சொல்லவில்லை. சிவப்பு மையில் 'நட்ச. நேரம்' என்ற கட்டத்தை அடித்து, காரணத்தைத் தன் கையாலேயே எழுதி, முதல் கையெழுத்தையும் தானே போட்டார். பிறகு செல்லப்பன், ஸ்டெல்லா, கடைசியாக நான். என் கையெழுத்து கோணலாக விழுந்தது. ஷைனிக்குச் சந்தேகம் வந்ததில் ஆச்சரியமில்லை.

பிறகு அலமாரியைத் திறந்தார். படத்தை மேஜையில் விரித்து நாலு மூலையிலும் கல் வைத்தார். புதுக் கோட்டைப் பென்சிலால் மெல்ல இழுத்துக்கொண்டே போனார். அது கிணற்றைத் தாண்டி, காட்டுப் பக்கமாக, ஒரு சின்ன வட்டத்துக்கும் அப்பால் போனது. வட்டத்துக்குப் பக்கத்தில் செல்லப்பன் 'பலா' என்று எழுதியிருந்தார்.

ஸ்டெல்லா "எனக்க மாதாவே" என்று கத்தியே விட்டாள். செல்லப்பன் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்கு உடம்பிலிருந்து ஒரு மூட்டையை இறக்கி வைத்தது போல இருந்தது. அப்படி ஒரு நிம்மதி அதற்குப் பிறகு என் கல்யாணத்தில்கூட வரவில்லை. சார் மட்டும் உட்காரவில்லை. "அந்தப் பெரிய கடிகாரம் அத்துப் போன பெறவு அந்த வாட்ச வச்சு வேற எங்க பாத்தீரு?" என்று செல்லப்பனைக் கேட்டார். வேறு எங்கும் இல்லை என்று அவர் சொன்னதை நம்பாமல், அந்த வருஷத்துப் புத்தகங்கள் அத்தனையையும் எங்களை உயரம் வைத்துச் சோதிக்கச் சொன்னார். அதற்கு மூன்று வாரம் ஆனது. எல்லாம் சுத்தமாக இருந்தன.

கல் நடுகிற அன்று என்னையும் ஜீப்பில் கூட்டிக்கொண்டு போனார். நான் போட்ட கணக்கு மண்ணில் இறங்குவதை அன்றுதான் முதல்முறையாகப் பார்த்தேன். தங்கையன் பலா மரத்தடியில் நின்றார். கல்லைக் குழியில் இறக்கியதும் என்னிடம் வந்து கும்பிட்டார்.

"எனக்க கஷ்டத்தப் பாத்து மனசெரங்கி மாத்துனிய, இல்லியா மோளே?"

ஆமாம் என்று சொல்லலாம் என்று ஒரு கணம் ஆசையாக இருந்தது. "இல்ல அண்ணாச்சி" என்றேன். "உங்க கஷ்டத்தப் பாத்துத்தான் திரும்ப எடுத்துப் பாத்தேன். ஆனா அதுக்காவ மாத்தல. தப்பா இருந்துது, அதான் மாத்துனோம்."

அவர் புதுக் கல்லைக் கையால் தொட்டுப் பார்த்தார். "அப்பம் இனி வேற ஆபீசரு வந்தாலும் மாத்த முடியாதுல்லா?" என்றார்.

"முடியாது."

"அதாக்கும் நல்லது" என்று சொல்லிவிட்டு, மனைவியைக் கூப்பிட்டு வெள்ளம் கோரச் சொன்னார். வெளியே போனால் யார் வீட்டிலும் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காத சிவதாணு சார், அன்று இரண்டு செம்பு வாங்கிக் குடித்தார்.

திரும்பும்போது ஜீப்பில் அவரிடம் கேட்டேன். "மறுபக்கம் போயிருந்தா நெசமாவே கல்லை அங்க நட்டிருப்பியளா சார்?"

"நீதான் படத்தைப் பாக்காம கையெழுத்துப் போட்டியே பிள்ளே" என்றார் அவர். "பெறவு நட்டுத்தானே ஆகணும்."

எனக்கு அப்போதுதான் அழுகை வந்தது. குலசேகரத்திலிருந்து நாகர்கோவில் வரை நிற்கவில்லை. சார் டிரைவரிடம், "மெல்லப் போடே, அவசரமில்ல" என்று மட்டும் சொன்னார்.